வரிசையில் நின்ற செயலாளரின் அப்பா

போன மாதம் நம் ஆய்வு நிறுவனத்தில் எனக்கு நடந்த வழியனுப்பு விழாவில் நீங்கள் எல்லாரும் இருந்தீர்கள். சால்வை போர்த்தினீர்கள், சந்தன மாலை போட்டீர்கள், எனக்கு இருப்பதாக எனக்கே தெரியாத நல்ல குணங்களையெல்லாம் மேடையில் சொன்னீர்கள். கடைசியில் பின்னாலிருந்து ஒருவர் எழுந்து, "இத்தனை வருஷ சர்வீஸ்ல நீங்க அசந்துபோன டேட்டா எது மேடம்?" என்று கேட்டார். நல்ல கேள்விதான். மைக்கைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போதுதான் பதில் வந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் அசந்துபோனது காஞ்சிபுரத்தில், ஒரு வீதியில் நின்ற மனிதர்களைப் பார்த்து. நீங்கள் கேட்ட டேட்டா அதுதான். அதைக் கணினியில் ஏற்ற எனக்குத் தெரியவில்லை. உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், ஓய்வை ரத்து செய்துவிட்டு வருகிறேன்.

சிறிய கூட்டுறவுக் கடன் சங்கங்களில் மக்கள் போட்டு வைக்கும் பணம் எவ்வளவு பத்திரமாக இருக்கிறது, நெருக்கடி வந்தால் அரசு எப்போது தலையிடலாம் என்று ஆராய்ந்து எழுதும் பொறுப்பு அப்போது எங்களிடம் வந்திருந்தது. எங்கள் குழுவுக்குத் தலைவர் ஒரு பேராசிரியர். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. நிதிச் சந்தையில் பீதி எப்படிப் பரவுகிறது என்பதில் அவர் எழுதியதைப் படிக்காமல் உங்களில் யாரும் தேர்வு தாண்டியிருக்க மாட்டீர்கள். ஆனால் வங்கி வாசலில் பீதியோடு நிற்கும் ஒரு கூட்டத்தை அவர் அதுவரை நேரில் பார்த்ததில்லை. நானும்தான்.

காஞ்சிபுரத்தில் நாங்கள் எடுத்துக்கொண்ட சங்கத்தை ஊரில் 'சொசைட்டி' என்றுதான் சொல்வார்கள். சுற்றுக் கிராமத்து விவசாயிகளும் ஊருக்குள் இருக்கும் நெசவாளர்களும் பணம் போடுவார்கள். சங்கம் அதைப் பட்டும் ஜரிகையும் வாங்க நெசவாளர்களுக்கே கடனாகக் கொடுக்கும். கொடுத்த பணம் தறியில் ஏறி, சேலையாகி, விற்ற பிறகுதான் திரும்பி வரும். நாங்கள் கணக்கு முழுவதையும் அலசிப் பார்த்திருந்தோம். ஒரு குறையும் இல்லை. சங்கத்தில் பணம் இருந்தது, ஆனால் பாதிக்கு மேல் தறிகளில் இருந்தது. எந்தக் கடன் நிறுவனமும் அப்படித்தான் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். வரிசையில் நிற்பவருக்கு அது ஆறுதல் இல்லை.

சங்கத்தின் செயலாளர் தரணேந்திரன். நாற்பதைத் தாண்டியவர், சமணக் குடும்பம், மாகறல் பக்கத்தில் ஒரு கிராமம். அதிகம் பேசமாட்டார். பேசினாலும் எதிரில் இருப்பவர் முடிக்கும்வரை காத்திருந்துதான் பேசுவார். பொழுது சாய்ந்தால் சாப்பிடமாட்டார், அது அவர்கள் வீட்டு வழக்கம். பக்கத்துக் கிராமங்களிலிருந்து சங்கத்துக்கு வந்த பணத்தில் பெரும்பகுதி அவர் முகத்தைப் பார்த்து வந்த பணம்தான்.

அந்த வைகாசியில் பக்கத்து ஊரில் ஒரு தனியார் நிதி நிறுவனம் இரவோடு இரவாகக் கதவைச் சாத்திவிட்டது. அடுத்த சில நாட்களில் வரதராஜப் பெருமாள் கோயில் பிரம்மோற்சவத்தில் கருட சேவை. அன்று காஞ்சிபுரத்துக்கு உள்ளூர் விடுமுறை. வரதரைப் பார்க்கச் சுற்றுவட்டாரமே திரண்டு வந்தது. வீதியில் போன யாரோ, சொசைட்டியின் இரும்புக் கதவு இறக்கியிருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு கருட சேவைக்கும் அது இறக்கித்தான் இருக்கும். ஆனால் அந்த ஆண்டு பார்த்த கண்கள் வேறு. 'சொசைட்டியையும் மூடிட்டாங்க' என்று ஒரு பேச்சு கிளம்பி, கூட்டத்தோடு கூட்டமாக ஊரைச் சுற்றி, சாயங்காலத்துக்குள் கைபேசிகளில் குரல் பதிவாகக் கிராமங்களுக்குப் போய்விட்டது.

மறுநாள் காலை நாங்கள் மீதி வேலையை முடிக்கப் போனபோது சங்கத்தின் வாசலிலிருந்து வீதி முனைவரை வரிசை நின்றது. கதவு திறந்திருந்தது, பணம் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனாலும் ஒவ்வொருவர் முகத்திலும், தன் முறை வருவதற்குள் தீர்ந்துவிடுமோ என்ற ஒரே கவலை.

எங்கள் பேராசிரியரைப் பார்த்ததும் சென்னையிலிருந்து வந்த பெரிய அதிகாரி என்று நினைத்து ஒரு அம்மாள் வழிமறித்தார். "நீங்க சொல்லுங்க சாமி. எங்க துட்டு உள்ள இருக்குதா, இல்லியா?"

நீங்களோ நானோ என்றால் "இருக்குதும்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போயிருப்போம். அவர் வாழ்நாளில் ஒரு வாக்கியத்தைக்கூட நிபந்தனை இல்லாமல் எழுதியவர் இல்லை. நின்று, யோசித்து, மிகுந்த அக்கறையோடு பதில் சொன்னார். "எல்லாருமே ஒரே நாள்ல வந்து கேக்காம இருந்தா, எல்லாருக்கும் இருக்குதும்மா."

உலகத்தில் எந்த நிபுணரும் இதைவிடச் சரியாக ஒரு வரியில் சொல்லியிருக்க முடியாது. சிக்கல் என்னவென்றால், அந்த அம்மாளுக்கு அது முழுவதுமாகப் புரிந்துவிட்டது. திரும்பி நீண்ட வரிசையைப் பார்த்தார். உடனே இடுப்பிலிருந்த போனை எடுத்து, "டேய், உங்க மாமாவையும் பாஸ் புக்க எடுத்துக்கினு ஒடனே வரச் சொல்லு" என்றார். முன்னும் பின்னும் நின்றவர்களும் போனை எடுத்தார்கள். நாங்கள் மாடி ஏறி ஜன்னல் வழியாகப் பார்த்தபோது வரிசை வீதி முனையைத் தாண்டித் திரும்பியிருந்தது. பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

மாடி அறையில் கூட்டுறவுத் துறையிலிருந்து வந்த அதிகாரி இருந்தார். நல்ல மனிதர், ஆனால் வியர்த்துப்போயிருந்தார். கையிருப்பு மதியம் வரைதான் தாங்கும். மேலும் பணம் கொண்டுவரும் வண்டி ஊருக்குள் வந்துவிட்டது, ஆனால் திருவிழாவில் தினமும் நடக்கும் சாமி புறப்பாட்டுக்காக வீதிகளை மறித்திருந்ததால் சங்கத்துக்கு வரமுடியாமல் நின்றுகொண்டிருந்தது. ஒருவருக்கு இவ்வளவுக்கு மேல் தருவதில்லை என்று உச்சவரம்பு போட்டு நோட்டீஸ் ஒட்டிவிடலாமா என்று அவருக்கு யோசனை. போட்டால் வதந்தி உண்மை என்று நாமே முத்திரை குத்தியதாகிவிடும். போடாமல் இருந்து மதியம் பணம் தீர்ந்தால், கதவை இறக்கியே ஆகவேண்டும். எப்படிப் பார்த்தாலும் சங்கம் அன்றைக்கே முடிந்துபோகும், அதை நம்பித் தறி ஓட்டும் குடும்பங்களும் நின்றுபோகும். "உங்க ஆய்வு சொல்லுதுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க சார், நான் ஆர்டர் போட்டுடறேன்" என்றார் அதிகாரி.

அப்போதுதான் ஜன்னல் ஓரத்தில் நின்றிருந்த தரணேந்திரனின் முகம் மாறியது. நான் அவர் பார்த்த பக்கம் பார்த்தேன். வரிசையின் நடுவில், வெள்ளை வேட்டி, மடித்துத் தோளில் போட்ட துண்டோடு ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார்.

"யார் சார்?" என்று கேட்டேன்.

"எங்கப்பா மேடம்."

கிராமத்துச் சமணக் கோயிலின் மேல்தளம் ஒழுகுகிறது, அதைச் சரிசெய்ய ஊரார் சேர்த்த பணம் சங்கத்தில் இருக்கிறது, அப்பாதான் அதற்குப் பொறுப்பு என்று தரணேந்திரன் மெதுவாகச் சொன்னார். காலையில் அவர் மகனுக்குப் போன் செய்யவில்லை. பேருந்து ஏறி வந்து, கடைசி ஆளுக்குப் பின்னால் போய் நின்றிருக்கிறார்.

உள்ளே இருப்பவரின் சொந்த அப்பாவே பணத்தை எடுக்க வந்து நிற்கிறார் என்று கூட்டத்துக்குத் தெரிந்தால் அதற்குமேல் எந்த விளக்கமும் எடுபடாது. உள்விவரம் தெரிந்தவன் விற்றால் சந்தையே விற்கும், இது நாம் முதல் ஆண்டில் படிக்கிற பாடம். பேராசிரியரும் அதையேதான் நினைத்தார். மாடிக்கு வந்ததிலிருந்து முதல்முறையாக வாய் திறந்து, "அவர யாரும் கவனிக்கிறதுக்கு முன்னாடி உள்ள கூட்டிட்டு வந்துடுங்க" என்றார்.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "இப்ப சாமி வந்துடும். எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புவாங்க. அந்த நேரத்துல பின்வாசல் வழியா கூட்டிக்கினு வந்துடுங்க தரணேந்திரன். இங்க உக்கார வச்சி பொறுமையா பேசிக்கலாம்."

தரணேந்திரன் தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கினார். துணைக்கு நானும் போனேன். என் கால் ஓரிடத்தில் நிற்காது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

நாங்கள் வாசலுக்கு வரும்போது நாதஸ்வரம் கேட்டது. வீதி முனையில் குடை தெரிந்தது. அப்போது நடந்ததைத்தான் எப்படிச் சொல்வதென்று இத்தனை நாள் தெரியாமல் இருந்தேன்.

காலையிலிருந்து ஒரு அடி விட்டுக்கொடுக்காமல் நின்ற அத்தனை பேரும், நின்ற இடத்திலேயே செருப்பைக் கழற்றினார்கள். கழற்றிவிட்டு, வெறுங்காலோடு வரதரை நோக்கி நடந்தார்கள். யாரும் யாரிடமும் சொல்லிவைக்கவில்லை. யாரும் தன் இடத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவில்லை. கண்மூடித் திறப்பதற்குள் வாசலில் மனிதர்கள் இல்லை. செருப்புகள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக, வாசல்படியிலிருந்து வீதி முனைவரைக்கும் அதே வரிசையில் நின்றன. முந்துகிறவனுக்குத்தான் பணம் என்று நம்பி வந்த கூட்டம் அது. திறந்த கதவு எதிரில் இருந்தது, உள்ளே பணம் இருந்தது. ஒருவர்கூட அந்தக் கதவுப் பக்கம் திரும்பவில்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சாமியைப் பார்த்துச் சிலிர்த்ததா, செருப்புகளைப் பார்த்துச் சிலிர்த்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மாடி ஜன்னலில் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

பெரியவரும் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றிருந்தார். அவர் கும்பிடும் தெய்வம் வேறு. ஆனாலும் ஊர் கைகூப்பும்போது அவரும் கூப்பினார். தரணேந்திரன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் நின்றார். பின்வாசல் சந்து அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். பல்லக்கு எங்களைக் கடந்து போயிற்று. இப்போது தோளைத் தொட்டு அழைத்துப் போகவேண்டியதுதான் என்று நான் காத்திருந்தேன்.

"தண்ணி குடிச்சியாப்பா?" என்று கேட்டார் தரணேந்திரன்.

"பாட்டில் கொணாந்திருக்கிறேன்."

"வெய்யிலு ஜாஸ்தியா இருக்குதே."

"எல்லாருக்கும்தானே வெய்யிலு."

தரணேந்திரன் ஒரு கணம் பின்வாசல் சந்துப் பக்கம் பார்த்தார். பிறகு அப்பாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் திரும்பினார். திரும்பி வந்துகொண்டிருந்த கூட்டத்தின் நடுவே, எல்லாரும் பார்க்க, வரிசையை நோக்கி நடத்தி வந்தார். செருப்புகளைப் பார்த்துக்கொண்டே வந்து, "இதுதானேப்பா?" என்று கேட்டு, தேய்ந்த ஒரு தோல் செருப்பின் எதிரில் அவரை நிறுத்தினார். பெரியவர் செருப்பில் காலை நுழைத்தார். மகன் உள்ளே போய்ப் பணம் கொடுக்கும் மேசையில் உட்கார்ந்தார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பின்னாலேயே ஓடி, "என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க?" என்று கேட்டேன்.

"கோயில் பணம் மேடம். அத வச்சிக்கினு இருக்கிறவர நான் பின்வாசல்ல கூப்ட முடியாது. அவரும் வரமாட்டாரு" என்றார். அவ்வளவுதான். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெளியே என்ன நடக்கிறது என்று பார்க்க வந்தேன். நான் பயந்த பேச்சு அதற்குள் கிளம்பியிருந்தது. பெரியவருக்கு முன்னால் நின்ற நெசவாளர் ஒருவர் திரும்பி, "நைனாரே, நீங்க செக்ரட்ரியோட அப்பா தானே?" என்று கேட்டார். சமணர்களை அந்தப் பக்கத்தில் நைனார் என்றுதான் கூப்பிடுவார்கள். பெரியவர் ஆமாம் என்றார். நெசவாளர் அவரை மேலும் கீழும் பார்த்தார். கழுத்தில் வழிந்த வியர்வையைப் பார்த்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று கேட்டார். பிறகு தனக்கு முன்னால் நின்றவரின் முதுகைத் தட்டி அவர் சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

"யோவ், செக்ரட்ரி அப்பாவே நம்மகூட வெய்யில்ல நின்னுகினு இருக்கிறாருய்யா. துட்டு பூடற மாதிரி இருந்தா, நேத்தே வூட்டாண்ட கொண்டாந்து குடுத்திருக்க மாட்டாரா அந்தப் புள்ள?"

அந்தப் பேச்சு என் கண்ணெதிரே வரிசையில் முன்னாலும் பின்னாலும் நகர்ந்தது. ஒவ்வொருவராகத் திரும்பிப் பெரியவரைப் பார்த்தார்கள். சிலர் இடத்தை விட்டு வந்தே பார்த்துவிட்டுப் போனார்கள். காலையில் பேராசிரியரை வழிமறித்த அம்மாள் பெரியவரிடம் எதுவும் கேட்கவில்லை. அவர் நிற்கிற இடத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், போனில் யாரையோ கூப்பிட்டு, "மாமாவ வர வேணாம்னு சொல்லுடா" என்றார்.

வரிசை கரைந்தது. ஒரேயடியாக இல்லை. பலர் எடுத்துக்கொண்டுதான் போனார்கள், அது அவர்கள் பணம். ஆனால் வால் பக்கத்திலிருந்து ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். மதியத்துக்குள் பணவண்டியும் வந்து சேர்ந்தது. அதிகாரி எழுதி வைத்திருந்த ஆர்டரை நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நாங்கள் எங்கே தவறினோம் என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். அப்பா பணம் எடுக்க வந்திருக்கிறார் என்பதை மட்டும் நாங்கள் பார்த்தோம். கூட்டம் அவர் எங்கே நிற்கிறார் என்பதையும் பார்த்தது. உள்விவரம் தெரிந்த வீட்டு ஆளுக்கு எந்த விவரமும் வந்துசேரவில்லை என்றால், சொல்வதற்கு உள்ளே விவரமே இல்லை என்று அர்த்தம். இதை நாங்கள் தாளில் போட்டு நிரூபிக்கப் பல பக்கங்கள் ஆகும். அந்த வீதி அதை ஒரு முதுகைத் தட்டும் நேரத்தில் முடித்துவிட்டது. அன்று மட்டும் தரணேந்திரன் எங்கள் பேச்சைக் கேட்டு அப்பாவைச் சந்து வழியாக அழைத்துப்போயிருந்தால், ஒரே ஒரு ஆள் பார்த்திருந்தால் போதும், சங்கம் அன்றைக்கே முடிந்திருக்கும். நாம் எழுதிக்கொடுக்கும் ஆலோசனைகளில் எத்தனை இப்படிப் பின்வாசலைக் காட்டுகின்றன என்று அதன் பிறகு நான் ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொண்டேன். நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள். பேராசிரியர் அன்று படிக்கட்டில் உட்கார்ந்து, "இதெல்லாம் இருக்குதுன்னு எழுதியிருக்கிறேன், பாத்ததில்ல" என்றார். திருவிழாவில் தொலைந்துபோன பிள்ளை மாதிரி இருந்தது அவர் முகம்.

ஆனால் தரணேந்திரனுக்கு அன்றைய நாள் அதோடு முடியவில்லை. வரிசை மெலிந்த பிறகும் பெரியவர் நகரவில்லை. முன்னால் இருந்தவர்கள் "நீங்க போங்க நைனாரே" என்று வழிவிட்டார்கள். அவர் போகவில்லை. தன் முறை வந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. மகனின் எதிரில் வந்து நின்று கோயில் கணக்கின் பாஸ் புத்தகத்தை நீட்டினார்.

"எவ்வளவு எடுக்கறீங்க?" என்று கேட்டார் தரணேந்திரன். வீதியில் 'நீ' என்று பேசியவர் இங்கே மற்ற எல்லாரிடமும் பேசுவது போலவே பேசினார்.

"பூராவும்."

மிச்சமிருந்த கொஞ்சப் பேரும் எட்டிப் பார்த்தார்கள். தரணேந்திரன் ஏன் என்று கேட்கவில்லை. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சீட்டு எழுதி, கையெழுத்து வாங்கி, கட்டுகளை எடுத்துவரச் சொல்லி அப்பாவின் எதிரில் வைத்தார். பெரியவர் தோள் துண்டை எடுத்து விரித்தார். கட்டுகளை இரண்டு கையாலும் அள்ளித் துண்டில் வைத்தார். சிறிது நேரம் அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு துண்டோடு மேசைமேல் வைத்து மகன் பக்கம் தள்ளினார்.

"இப்ப இத கணக்குல திருப்பிக் கட்டிக்கோ."

தரணேந்திரன் புரியாமல் பார்த்தார்.

"ஊருக்குப் போனதும் கேப்பாங்கப்பா, பணம் இருக்குதான்னு. எம் புள்ள சொன்னான்னு சொல்ல முடியுமா? கையில வாங்கிப் பாக்காம இருக்குதுன்னு சொன்னா பொய்யாப் பூடும்."

தரணேந்திரன் புதிதாக ஒரு சீட்டை எடுத்தார். துண்டிலிருந்த கட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணினார். பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடும்போது, மின்விசிறிக் காற்றில் சீட்டு பறக்கப் பார்த்தது. பெரியவர் கையை நீட்டி, காகிதம் நகராமல் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.